அரசியலைப் பார்க்கிற பெண்ணை ஏஐ படிக்க அனுப்பலாமா?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூவில் 528 மார்க், கணிதம் உள்ள குரூப். சென்னையில் ஐடியில் வேலை பார்க்கும் தாய்மாமா ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் சீட்டைப் பேசி, 25,000 ரூபாய் அட்வான்ஸும் கட்ட வைத்துவிட்டார். ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 18 லட்சமாம். மகள் மாட்டேன் என்கிறாள். அம்மாவின் வார்த்தைகளிலேயே தருகிறேன்:

"தேர்தல் வந்தா நோட்டும் கையுமா அலையுறா சார். எந்தத் தலைவர் எப்படிக் கும்பிட்டாரு, யாரு தரையில உக்காந்து சாப்பிட்டாரு, போஸ்டர்ல யாரு சிரிக்கிறாரு யாரு முறைக்கிறாருன்னு எழுதி வைக்கிறா. '84ல நீங்க ஏன் எம்ஜிஆருக்குப் போட்டீங்க'ன்னு அப்பத்தாகிட்ட ஒரு மணி நேரம் கேள்வி கேக்குறா. கட்சியில போயிச் சேந்துருவாளோன்னு பயமா இருக்கு. இதுக்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கா?"

இருக்கிறது அம்மா. கட்சியில் சேருகிற ஆள் மாதிரியும் அவள் தெரியவில்லை. கட்சிக்காரர் போஸ்டரைப் பார்த்தால் கும்பிடுவார், இல்லை கிழிப்பார். உங்கள் மகள் குறிப்பெடுக்கிறாள். எனக்குக் கவலையெல்லாம் அந்த அட்வான்ஸ் பற்றித்தான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அவள் செய்வதற்குப் பெயர் அரசியல் உளவியல். ஓட்டுப் போடுகிறவர் ஒரு தலைவரை எப்படி எடை போடுகிறார், அதில் முகத்துக்கு எவ்வளவு பங்கு, குணத்துக்கு எவ்வளவு, கட்சிக்கும் சாதிக்கும் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற துறை. இதற்கென ஒரு சர்வதேசச் சங்கம் 1978-லிருந்தே இயங்குகிறது.

அப்பத்தாவிடம் அவள் கேட்ட கேள்வியையே பாருங்கள். 1984 டிசம்பர் தேர்தலின்போது எம்ஜிஆர் நியூயார்க் புரூக்ளினில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆண்டிபட்டியில் ஒரு தெருவில்கூட ஓட்டுக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவை இங்கே ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள், ஜெயித்தார். 1967-லும் அப்படித்தான். ஜனவரி 12 அன்று சுடப்பட்டு, கழுத்துக் கட்டோடு இருக்கும் படம் போஸ்டராகி, படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். நாம் 'அனுதாப அலை' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். ஆனால் 1984-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காங்கிரஸ் கூட்டணியில் இருந்தது, சத்துணவுத் திட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இத்தனையில் அந்த வீடியோவுக்கு எவ்வளவு பங்கு? 17, 18 வயதுப் பெண் தானாக இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறாள் என்றால் அதை நான் லேசில் விடமாட்டேன்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் அலெக்சாண்டர் டோடரோவும் அவருடைய குழுவும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க செனட் தேர்தலில் மோதிய இரண்டு பேர் படத்தையும், அவர்களை யாரென்றே தெரியாதவர்களிடம் ஒரு நொடி காட்டி, 'யார் திறமைசாலியாகத் தெரிகிறார்' என்று கேட்டார்கள். திறமைசாலி என்று கைகாட்டப்பட்டவரே சுமார் 70 சதவீதப் போட்டிகளில் ஜெயித்திருந்தார். 2009-இல் சுவிட்சர்லாந்தில் ஜான் ஆன்டோனாக்கிஸும் ஒலாஃப் டால்காஸும் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தல் வேட்பாளர்களின் படங்களைக் குழந்தைகளிடம் காட்டி, 'இவர்களில் யாரை உன் கப்பலுக்குக் கேப்டனாக வைப்பாய்' என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் தேர்வும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேர்தல் முடிவோடு பொருந்தியது. இதை வைத்து முகம்தான் ஜெயிக்க வைக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல தோற்றமுள்ளவரையே கட்சிகள் ஜெயிக்கிற தொகுதியில் நிறுத்தியிருக்கலாமே? இப்படித் திருப்பிக் கேட்கப் பழக்குவதுதான் படிப்பு.

இன்னொன்று, 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் கென்னடியும் நிக்சனும் நடத்திய முதல் டிவி விவாதம். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்ததாகவும், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்ததாகவும் நினைத்தார்கள் என்று மேடைதோறும் சொல்வார்கள். அந்தக் கதைக்கு ஆதாரமாக இருந்த கணிப்பு ரொம்பப் பலவீனமானது. ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற அரசியல் அறிவியல் ஆய்வாளர் சும்மா சந்தேகப்பட்டுவிட்டு நிற்கவில்லை. அந்த விவாதத்தை முன்பின் அறியாத மாணவர்களைப் பிரித்து, சிலருக்குப் படத்தோடும் சிலருக்கு ஒலி மட்டும் போட்டுக் காட்டி, 2003-இல் முடிவை வெளியிட்டார். படத்தோடு பார்த்தவர்கள் கென்னடி பக்கம் சாய்ந்தார்கள், அதோடு தலைவரின் குணத்தைப் பற்றிய எண்ணத்தை வைத்தே அதிகம் எடை போட்டார்கள். நாற்பது வருடக் கதையை இப்படியும் சோதித்துப் பார்க்கலாம்.

நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. ஒரே பெயரில் நாலு பேரை நிறுத்திக் குழப்புகிறார்கள் என்று, 2015 மே மாதத்திலிருந்து ஓட்டு மெஷினில் ஒட்டும் தாளில் வேட்பாளர் படத்தையும் சேர்த்தது தேர்தல் ஆணையம். 2025 பீகார் தேர்தலிலிருந்து அது கலர் படம். பட்டனை அழுத்தும் கடைசி நொடியிலும் முகம் கண் முன்னால் நிற்கிறது.

இனி பணம். 18 லட்சத்தையும் கடனாக எடுத்து, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 10.5 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று கணக்குப் போட்டால் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் இஎம்ஐ. படிக்கும் நான்கு வருடத்து வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. விருப்பமில்லாமல் படித்து, இரண்டு பேப்பர் அரியர் வைத்து, கேம்பஸில் எதுவும் அமையாமல் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அப்போது மாமா ஊரில் இருக்கமாட்டார், தவணைத் தேதி மட்டும் வந்துகொண்டே இருக்கும். மாமாவின் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பத்திரம் உங்களுடையது. அதை வைக்காதீர்கள். இதில் என்னிடம் பேரம் கிடையாது.

என்ஜினீயரிங், நீட், சிஏ, டிஎன்பிஎஸ்சி பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள், அதனால் விடுகிறேன். அரசியல் உளவியல் என்ற பெயரிலேயே இங்கே இளங்கலைப் பட்டம் தேடாதீர்கள், பெரும்பாலும் கிடைக்காது. மூன்று வாசல்கள் உண்டு: பி.எஸ்சி. சைக்காலஜி, பி.ஏ. அரசியல் அறிவியல், பி.எஸ்சி. புள்ளியியல். உங்கள் மகளுக்குக் கணிதம் இருப்பதால் என் ஓட்டு புள்ளியியலுக்கு. ஆச்சரியமாக இருக்கலாம். உளவியலையும் அரசியலையும் ஆர்வம் இருந்தால் நூலகத்தில் உட்கார்ந்து பிடித்துவிடலாம், புள்ளியியலைத் தானாகப் பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் சைக்காலஜிதான் வேண்டும் என்று அவள் சொன்னால் அவள் சொல்வதே முடிவு, என் ஓட்டு செல்லாது. எல்லா அரசுக் கல்லூரியிலும் சைக்காலஜி கிடையாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கலைக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

ஒரு எச்சரிக்கை. 'வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி' என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) நிறுத்திவிட்டது.

பட்டம் எதுவானாலும், அவள் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் சர்வே. கருத்துக்கணிப்பு என்றதும் டிவியில் நான்கு பேர் கத்துவதுதான் நமக்கு ஞாபகம் வரும். அதற்கு அடியில் நடக்கும் வேலை வேறு. டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு மையத்தின் லோக்நிதி பிரிவு 1990-களிலிருந்து தேர்தல்தோறும் ஆய்வு நடத்துகிறது. கேள்வி கேட்கப் போகிறவர்களில் நிறையப் பேர் கல்லூரி மாணவர்கள்தான், பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள்.

எப்படி நடக்கும் தெரியுமா? டீக்கடையில் நிற்பவரைக் கேட்டுவிட்டு வர முடியாது. வாக்காளர் பட்டியலிலிருந்து ஆள் எடுக்க வேண்டும். ஒரு பூத்தில் 1,000 பேர் இருந்து 25 பேர் தேவை என்றால் 40 பேருக்கு ஒருவர். குலுக்கலில் முதல் எண் 17 என்று வந்தால் அடுத்தது 57, பிறகு 97. அந்த 97-வது ஆள் ஒரு அம்மா, காட்டு வேலைக்குப் போயிருக்கிறார் என்றால் சாயங்காலம் திரும்பப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் 'நான் சொல்றேனே' என்றால் கூடாது. போனால் திண்ணையில் வீட்டுக்காரர் உட்கார்ந்து, 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, என்னைக் கேளுங்க' என்பார். அவர் மனசு கோணாமல் அந்த அம்மாவிடம் தனியாகப் பேச்சுக் கொடுப்பதற்கு எந்தக் கல்லூரியிலும் பேப்பர் கிடையாது. ஓட்டு யாருக்கு என்பதை வாயால் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரி ஓட்டுச் சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். பிரதமராக யார் வரவேண்டும் என்ற கேள்விக்குப் பெயர்களை வாசித்துக் காட்டக் கூடாது. வாசித்தால் முதலில் கேட்ட பெயர் வாயில் ஒட்டிக்கொள்ளும். அவராக என்ன பெயர் சொல்கிறாரோ அதை அப்படியே எழுத வேண்டும், 'யார் வந்தா என்ன' என்றாலும்.

தலைவரின் பிம்பத்தை அளப்பதற்கும் கருவிகள் உண்டு. 1948-லிருந்து நடக்கும் அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வில், ஒரு தலைவர் மேல் உள்ள உணர்வை 0 முதல் 100 வரை டிகிரியாகச் சொல்லச் சொல்வார்கள். 50-க்கு மேல் என்றால் பிரியம், கீழே என்றால் வெறுப்பு. 'வலுவான தலைவர்', 'நேர்மையானவர்', 'நம்மைப் போன்றவர்கள் மேல் அக்கறை உள்ளவர்' என்று குணங்களைத் தனித்தனியாகவும் கேட்பார்கள். அந்தத் தரவு முழுவதும் இணையத்தில் இலவசம். அதைத் திறந்து பார்க்க உதவும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். இதில் ஏதாவது கற்றுத்தரும்படி மாமாவிடம் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

கல்லூரி திறப்பதற்குள் அவள் ஒன்று செய்து பார்க்கலாம். நம் ஊரில் யாருக்கும் முகம் தெரியாத ஒடிசாத் தொகுதிகள் இருபதை எடுக்கட்டும். ஜெயித்தவர், இரண்டாவது வந்தவர் படங்களைச் சின்னமும் துண்டும் தெரியாமல் வெட்டி, தெருவில் முப்பது பேரிடம் ஒரு நொடி காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்கட்டும். வலது இடது மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பிறகு உண்மை முடிவோடு ஒப்பிடட்டும். பதில் 50 சதவீதத்திலேயே நின்றாலும் பரவாயில்லை, ஏன் நின்றது என்று அவள் யோசிக்கிறாளா என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் நாளே சலித்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு பேசுவோம்.

வேலை? ஐடியின் முதல் சம்பளம் இதில் வராது, அதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். சர்வே கற்றவருக்குச் சந்தை ஆய்வு நிறுவனங்கள், செயலிகளைச் சோதிக்கும் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகளின் தரவுப் பிரிவு எல்லாம் கதவு திறக்கும். சோப்புக்குக் கேட்கிற கேள்வியும் கட்சிக்குக் கேட்கிற கேள்வியும் ஒரே இலக்கணம்தான். முதுகலை முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு முனைவர் பட்டம் படிக்கலாம். தேர்தல் வியூக நிறுவனங்களும் இருக்கின்றன. மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு அதற்கு டிப்ளமோ தருகிறோம் என்பவர்கள் பக்கம் போகவேண்டாம். அந்த வேலை தேர்தல் முடிந்த மறுநாளே தீர்ந்துவிடக்கூடியது. மூன்று வருடம் எங்காவது ஒழுங்காக ஆய்வு செய்துவிட்டுப் போனால் நம் பேச்சுக்கு அங்கே மரியாதை இருக்கும்.

'பொம்பளப் பிள்ளைக்கு அரசியல் எதுக்கு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க' என்று பெரியம்மா சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். கேட்டால் புள்ளியியல் படிக்கிறாள் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பெரியம்மாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த 25,000. சேர்க்கையிலிருந்து விலகினால் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதற்கு யூஜிசி விதி வைத்திருக்கிறது, அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. போனில் கேட்காதீர்கள், 'சீட்டை மாத்தித் தர்றோம், ஸ்காலர்ஷிப் தர்றோம்' என்று பேச்சை வளர்ப்பார்கள். விலகுகிறோம் என்று மகள் கையெழுத்தோடு ஒரு கடிதம், ரசீது நகல், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் மெயிலிலும் பதிவுத் தபாலிலும் இந்த வாரமே அனுப்புங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையோ டிசியையோ கொடுத்திருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். கல்லூரி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது.