முகத்துக்கு முன் பதிவேட்டைப் படியுங்கள்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சிறைகளில் எடுக்கப்பட்ட பெண் கைதிகளின் புகைப்படங்களைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு படத்தில் இருப்பவரின் பெயரும் தண்டனை பெற்ற நாளும் மட்டுமே கிடைத்திருக்கின்றன. அவருடைய முகபாவத்தைக் கொண்டு எந்த அளவுக்கு எழுதலாம்? மேற்கொண்டு எங்கே தேடுவது? (ஒரு வாசகி)

பதில்: முகபாவத்தைக் கொண்டு எதையும் எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1893இல் இத்தாலியில் குற்றவியல் ஆய்வாளர்களான லொம்ப்ரோசோவும் ஃபெரேரோவும் சிறைப்பட்ட பெண்களின் படங்களை அடுக்கிவைத்து, தாடையிலும் நெற்றியிலும் குற்ற இயல்பைக் கண்டதாக நூல் எழுதினார்கள். கண்களில் வன்மம் தெரிகிறது என்று இன்று நாம் எழுதினால் அதே பிழையைத்தான் செய்கிறோம். படமே திருத்தப்பட்டிருக்கவும் கூடும். மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் 1913இல் நடந்த தாக்குதலுக்காகச் சிறைப்பட்ட வாக்குரிமைப் போராளி எவ்லின் மானெஸ்டா படத்துக்கு நிற்க மறுத்ததால், காவலர் ஒருவர் அவருடைய கழுத்தைச் சுற்றிக் கைபோட்டுப் பிடித்துக்கொண்டார். காவல்துறை சுற்றுக்கு விட்ட படத்தில் அந்தக் கை இருந்த இடத்தில் ஒரு கழுத்துத் துணி தெரிகிறது.

முகத்தைவிடக் கைகளைக் கவனியுங்கள். அக்காலப் படங்கள் பலவற்றில் கைதியின் இரு கைகளும் விரல்கள் தெரியும்படி மார்பின்மேல் விரிந்திருக்கும். அதை அடக்கம் என்றோ அச்சம் என்றோ கொள்ளக் கூடாது; இழந்த விரலும் பழைய தழும்பும் அடையாளமாகப் பதிவாக வேண்டும் என்பதற்காகவே அப்படி வைக்கச் சொன்னார்கள். சில படங்களில் தோளருகே ஒரு கண்ணாடி இருக்கும். பக்கவாட்டு முகமும் அதே படத்தில் விழுவதற்கான ஏற்பாடு அது.

அடுத்து, கைதிகளைப் படமெடுக்க வழிசெய்த 1871ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தை முழுவதுமாகப் படியுங்கள். ஏற்கெனவே தண்டிக்கப்பட்ட ஒரு பெண் மீண்டும் தண்டனை பெறும்போது, அவருடைய பொறுப்பில் உள்ள 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பிழைக்க வழியோ தக்க பாதுகாப்போ இல்லாதிருந்தால், அவர்களைத் தொழிற்பள்ளிக்கு (ஆதரவற்ற பிள்ளைகளைத் தங்கவைத்துத் தொழில் கற்பித்த பள்ளி) அனுப்பலாம் என்கிறது அதன் 14ஆம் பிரிவு. அப்பிரிவு பேசுவது பெண்ணைப் பற்றி மட்டுமே. தாயைக் கேமராவின் முன் உட்காரவைத்த அதே சட்டம் பிள்ளைகளையும் அவரிடமிருந்து பிரிக்க இடம் தந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆகவே, தாயின் தடம் அறுந்துபோகும் இடத்தில் தொழிற்பள்ளிப் பதிவேடுகளில் பிள்ளைகளின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வழக்கு லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியில் நடந்திருந்தால், 1674 முதல் 1913 வரையிலான அதன் விசாரணைப் பதிவுகளை இணையத்திலேயே படிக்கலாம். லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பெண் கைதிகளின் நிபந்தனை விடுதலைக் கோப்புகள் தனித் தொகுதியாக உள்ளன. உடல்நிலை, சிறை நடத்தை, குடும்பம் பற்றிய குறிப்புகள் அவற்றில் கிடைக்கும். பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். திருமணத்தால் மாறிய பெயர், தாமே சூட்டிக்கொண்ட பெயர், எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் என ஒரே பெண் மூன்று பேராகத் தோன்றுவார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சில சிறைகள் கைதிகளின் முதலெழுத்துகளை மட்டுமே எழுதிக்கொடுத்தன. உங்களிடம் உள்ள தண்டனை நாளைப் பிடித்துக்கொண்டு தேடுவதே நம்பகமான வழி.

ஆய்வேட்டில் படத்தை அச்சிடும்போது பதிவேட்டு எண்ணையும் குற்றச்சாட்டையும் தண்டனைக் காலத்தையும் படத்தின் கீழேயே கொடுங்கள். முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் போடாதீர்கள்.