சவரன் 80,000: ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி பதில்

இன்று 2025 செப்டம்பர் 21. மாலை வரை இருக்கிறேன், கேளுங்கள். அரசு வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக் காலம் நகைக்கடன் மேசையில் கழிந்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் அல்லன் என்பதால் எந்தப் பங்கின் பெயரும் என் வாயிலிருந்து வராது. இன்னொன்று: நகையை அடகு வைத்து முதலீடு செய்யாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருப்பூர்): பவர்டேபிள் தையல் யூனிட் நடத்துகிறேன், 20 மெஷின், எல்லாம் ஏற்றுமதியாளருக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க். அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு வேலை பாதியாகிவிட்டது. கையில் 6 லட்சம் இருக்கிறது. ஜவுளிப் பங்குகள் விழுந்து கிடக்கின்றன, இப்போது வாங்கிப்போட்டால் வரி குறையும்போது இரட்டிப்பாகும் என்கிறான் மைத்துனன்.

பதில்: வரி குறைந்தால் பங்குகள் ஏறலாம், மைத்துனர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த 6 லட்சம் முதலீட்டுப் பணம் இல்லை ஐயா, சனிக்கிழமைச் சம்பளம். வாரச் சம்பளக் கணக்கு நோட்டை எடுங்கள். 6 லட்சத்தை ஒரு வாரச் சம்பளத்தால் வகுத்தால் எத்தனை சனிக்கிழமை வருகிறது? பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதம் விதித்தார்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று 27 அன்று இன்னொரு 25. இது வழக்கமான சுங்கவரிக்கு மேல். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19. ஒரே நூல், ஒரே தையல் என்றாலும் உங்கள் டி-சர்ட் மீது 30 புள்ளி கூடுதல் சுமை. இரண்டு சதவீதத் தள்ளுபடிக்காக ஒரு மாதம் பேரம் பேசும் பையர் இதைச் சும்மா விடுவாரா? பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை டிசம்பர் 31 வரை நீக்கியிருக்கிறார்கள். அது முதலில் நூற்பாலைக்கு, பிறகு ஏற்றுமதியாளருக்கு, கடைசியாகத்தான் உங்களுக்கு. பிரிட்டனுடன் ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ஆனால் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

செய்தி எதுவானாலும் அது முதலில் தொடுவது நம் வருமானத்தை. முதலீட்டைத் தொடுவது அப்புறம். உங்கள் பிழைப்பு ஏற்கெனவே அந்த வரியை நம்பித்தான் நிற்கிறது. ஏரி வற்றியதால் கிணறு வற்றுகிறது. அதே ஏரிக்கரையில் இன்னொரு கிணறு வெட்டச் சொல்கிறார் மைத்துனர்.

கேள்வி (சென்னை, பெரம்பூர்): சவரன் 80,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இப்போது வாங்கலாமா, இறங்குமா?

பதில்: இறங்குமா என்று சொல்லத் தெரிந்திருந்தால் ஓய்வூதியத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டேன். ஏன் ஏறியது என்று வேண்டுமானால் சொல்கிறேன். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. இன்று அவனுக்கு, நாளை நமக்கு என்று மற்ற மத்திய வங்கிகளுக்கு உறைத்தது. 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கிக் குவித்தார்கள். நம் ரிசர்வ் வங்கியிடம் சுமார் 880 டன் இருக்கிறது. கடந்த புதன்கிழமை அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதம் குறைத்தது. வட்டி தராத தங்கத்துக்கு அதுவும் அனுகூலம்.

நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. டாலர் 88 ரூபாய் ஆகிவிட்டது. உலக விலை அசையாமல் இருந்தாலும் ரூபாய் சரிந்தால் தியாகராய நகரில் சவரன் ஏறும். இறங்குவதற்கும் நம்மூர்க் காரணம் போதும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றே சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. முதல் நாள் மாலை மொத்தமாக வாங்கியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தேவையிருந்தால் மாதாமாதம் கிராம் கணக்கில் வாங்குங்கள்.

கேள்வி (கோவை): எல்லையில் சண்டை என்ற செய்தி வந்தால் பங்குகளை விற்றுவிட்டு, அடங்கியதும் மறுபடி வாங்குவது புத்திசாலித்தனம்தானே?

பதில்: பாகிஸ்தானோடு மோதல் நடந்த இந்த மே மாதத்தையே பாருங்கள். 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 880 புள்ளி விழுந்தது. பயந்தவர்கள் விற்றார்கள். சனிக்கிழமை மாலை சண்டை நிறுத்தம். திங்கள்கிழமை 2,975 புள்ளி ஏறியது. இடையில் சந்தை திறந்திருக்கவே இல்லை, எப்படி மறுபடி வாங்குவது? தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4-உம் அப்படித்தான். ஒரே நாளில் 4,390 புள்ளி சரிவு, அதே வெள்ளிக்கிழமைக்குள் மீண்டுவிட்டது. நமக்குச் செய்தி வந்து சேரும்போது விலை அதைக் கேட்டு முடித்திருக்கும்.

கேள்வி (சேலம்): தங்கம் இப்போது வாங்கலாமா?

பதில்: பெரம்பூர்க்காரருக்குச் சொன்னதே.

கேள்வி (திருச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியை): வைப்புநிதி வட்டி குறைந்துகொண்டே போகிறது. மருந்துச் செலவே அதில்தான் ஓடுகிறது. வேறு என்ன செய்வது?

பதில்: பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி 6.5-இலிருந்து 5.5 சதவீதமாக இறங்கியிருக்கிறது அம்மா. கடன்காரருக்குக் கொண்டாட்டம், உங்களைப் போன்றவர்களுக்குத் திண்டாட்டம். அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது 8.2 சதவீதம். நீங்கள் சேரும் நாளின் வட்டி ஐந்து ஆண்டுகளுக்கு மாறாது, 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். யாரேனும் 11 சதவீதம், 12 சதவீதம் என்று வீடு தேடி வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வங்கி வைப்புக்கும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மகன் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான், ஊருக்கு வந்திருக்கிறான். ஒரு லட்சம் டாலர் கட்டணமாமே, உடனே திரும்பச் சொல்கிறார்கள். அவனுடைய ஃபண்டுகளை விற்றுவிடவா?

பதில்: புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், ஒரே ஒருமுறை என்று நேற்று வெள்ளை மாளிகை விளக்கிவிட்டது. பயணத்தைப் பற்றி அவருடைய நிறுவனத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள், என்னை அல்ல. ஃபண்டுகளைத் தொடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): தங்கம் இறங்கவே இறங்காது என்பதால், இருக்கும் நகையை அடகு வைத்து மேலும் தங்கம் வாங்கலாமா?

பதில்: வந்துவிட்டது. 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டாலரைத் தொட்டது. அந்த விலையை மறுபடி பார்க்க 2008 ஜனவரி வரை, 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2011-இல் 1,900 டாலர், 2015 கடைசியில் 1,050. 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாளில் உலக விலை சுமார் 13 சதவீதம் சரிந்தது. அப்போது நான் மேசையில் இருந்தேன். நீங்கள் சொல்லும் இதே வித்தையைச் செய்திருந்த ஒருவர் தினமும் காலையில் வந்து விலைப்பலகை முன்னால் நிற்பார். எதுவும் கேட்கமாட்டார், பார்த்துவிட்டுப் போய்விடுவார். கடைசியில் ஏல நோட்டீஸ் அவருடைய மனைவியின் பெயருக்குப் போயிற்று, நகை மனைவியுடையது என்பதால். வேண்டாம்.

கேள்வி (பெங்களூருவில் வேலை, சொந்த ஊர் விருதுநகர்): பெண் பிறந்திருக்கிறாள். முதலீடாக இப்போதே ஐந்து சவரனில் ஆரம் வாங்கிவிடலாம் என்கிறார் மாமியார். பங்கு போலச் சந்தையில் வாங்கும் தங்க ஃபண்டான இடிஎஃப் போதும் என்கிறேன் நான். யார் சரி?

பதில்: குடும்பச் சண்டையில் தலையிடமாட்டேன், கணக்கை மட்டும் போடுகிறேன். சவரன் 80,000 என்றால் ஐந்து சவரன் 4,00,000. சேதாரம் 12 சதவீதம் என்று வைத்தால் 48,000. இரண்டின் மேலும் ஜிஎஸ்டி 3 சதவீதம், 13,440. ஆக 4,61,440. மறுநாளே விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு, அதிலும் கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் தேறும். ஆரம் நகை, முதலீடு அல்ல.

கேள்வி (மதுரை): ஐயா, இது கேள்வி இல்லை, மறுப்பு. 2019-இல் என் கணவர் திடீரென்று மருத்துவமனையில் விழுந்தார். அவர் பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் நிறைய இருந்தது. ஓடிபி அவருடைய கைபேசிக்கு வரும், அதன் பூட்டைத் திறக்க அவருடைய விரல் வேண்டும், அவரோ உள்ளே மயக்கத்தில். காலை பத்து மணிக்கு நான்கு வளையலைக் கழற்றினேன், பதினொன்றுக்குப் பணம் கட்டினேன். உங்கள் 15 சதவீதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பதில்: அம்மா, உங்களுக்குச் சொல்ல என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. உங்களைப் போல எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்துக் கடன் கொடுத்தவன் நான். சங்கிலியைக் கழற்றிய பிறகு முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வார்கள். அந்த நகை இல்லையென்றால் அவர்கள் கந்துவட்டிக்காரரிடம்தான் போயிருப்பார்கள். ஆபத்துக்கு அடகு வைப்பதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆசைக்கு வைப்பதைத்தான் சொல்கிறேன். அந்த ஃபண்டில் உங்கள் பெயரும் கூட்டாக, இருவரில் எவரும் எடுக்கலாம் என்று இருந்திருந்தால் நீங்களும் எடுத்திருக்கலாம் என்பது என் மறுபாதி.

கேள்வி (பெங்களூரு, முன்பு கேட்டவர்): அவசரத்துக்கு என்றால் தங்கக் காசு போதுமே. ஆரம் எதற்கு?

கேள்வி (மதுரை): காசு பீரோவில் இருக்கும் தம்பி. பீரோச் சாவி யாரிடம் இருக்கும்? கழுத்தில் கிடப்பது மட்டும்தான் கேட்காமல் எடுக்கக்கூடியது.

கேள்வி (காரைக்குடி, நகைப்பட்டறை): சேதாரத்தைத் திருட்டு போலப் பேசுகிறீர்கள். அராவுகிறோம், உருக்குகிறோம், பொடி பறக்கிறது. கைவேலைக்குக் கூலி வேண்டாமா?

பதில்: ஆசாரியைச் சொல்லவில்லை ஐயா. உங்கள் கைக்கு அதில் எவ்வளவு வருகிறது என்பது நம் இருவருக்கும் தெரியும். மெஷினில் அடித்த சங்கிலிக்கும் கைவேலை அட்டிகைக்கும் ஒரே சதவீதம் போட்டு நீட்டும் பில்லைச் சொல்கிறேன். கல் வைத்த நகை இன்னும் மோசம். 32 கிராம் என்று வாங்கியதை எங்கள் மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்து 27 கிராம் என்று எழுதும்போது அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

மதுரை அம்மா சொன்ன சாவி விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. இத்தனை ஆண்டு சேதாரக் கணக்கு போட்டவன், பொருள் யாருடைய கையில் இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்ததில்லை. விருதுநகர்த் தம்பி, ஆரத்தை இரண்டு சவரன் வளையலாக்கிக் கல் இல்லாமல், ஹால்மார்க் எண் பார்த்து வாங்கி மனைவியின் கையில் போடுங்கள். மீதியை இடிஎஃப்பில் அவர் பெயரில் போடுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி (வேலூர்): தங்கம் இப்போது வாங்கலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): நாளை ஜிஎஸ்டி குறைகிறதே, ஏற்கெனவே கட்டிய மருத்துவக் காப்பீட்டுத் தவணையில் 18 சதவீதம் திரும்ப வருமா?

பதில்: வராது. அடுத்த தவணையிலிருந்து வரி இருக்காது.

கேள்வி (கொழும்பு): இங்கே 2022-இல் பட்ட அடிக்குப் பிறகு சேமிப்பை டொலரில் வைத்திருக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: உங்கள் நாட்டு அந்நியச் செலாவணி விதிகள் என் துறை அல்ல, அங்கேயுள்ள வங்கியில் கேளுங்கள். சில வாரங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 300-ஐத் தாண்டியதைப் பார்த்தவருக்கு அந்தப் பயம் வருவதில் வியப்பில்லை.

கேள்வி (ஓசூர்): ஆப்ஷன் வர்த்தகத்தில் தினம் 2,000 ரூபாய் எடுக்கலாம் என்று டெலிகிராம் குழுவில்...

பதில்: கடந்த நிதியாண்டில் இந்த வகை வர்த்தகம் செய்த தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள், மொத்த நட்டம் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே ஜூலையில் வெளியிட்டது. மூலதனத்துக்கு மனைவியின் சங்கிலியை வைக்கப்போகிறீர்கள் என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கான பதிலை முன்பே சொல்லிவிட்டேன், இனிமேல் எழுதக் கை வலிக்கிறது.

கேள்வி (திண்டுக்கல்): தங்கமா, வெள்ளியா?

பதில்: தேநீர். ஐந்து நிமிடம்.

கேள்வி (திருப்பூர், முதலில் கேட்டவர்): வகுத்துப் பார்த்தேன் ஐயா. ஏழு சனிக்கிழமை வருகிறது.

பதில்: தீபாவளி போனஸைக் கழித்தீர்களா? அக்டோபர் 20 தீபாவளி.

கேள்வி (திருப்பூர்): கழித்தால் நான்கு.

பதில்: அப்படியானால் நாளைக் காலையே வங்கிக்குப் போய் இருப்புக்கு மேல் எடுக்க விடும் ஓவர்டிராஃப்ட் வரம்பைக் கேளுங்கள். பாதி வேலையாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். மெஷின் முழுதாக நின்ற பிறகு போனால் மேலாளர் மீட்டிங்கில் இருப்பார், நானே இருந்திருக்கிறேன். ஏற்றுமதியாளரிடம் நிலுவை எவ்வளவு என்பதையும் இன்று இரவே எழுதி வையுங்கள். வீட்டு நகையைத் தொடுவதாக இருந்தால் கடைசியாக, சம்பளத்துக்கு மட்டும். மைத்துனருக்கு என் வணக்கம்.