எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்துக்குப் பக்கவிளைவு உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. நுரையீரல் புற்றுநோய்க்காக மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இம்யூனோதெரபி ஊசி போடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து என்பதால் கெடுதல் இல்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான்கு நாட்களாக அவருக்கு வயிற்றுப்போக்கு. மருந்துக்கடை மாத்திரையில் நிற்கவில்லை. சீந்தில் சூரணம் தரலாமா? இதைவிடப் பாதுகாப்பான புதிய சிகிச்சைகள் வருமா?
- வாசகி, தேனி

பதில்: முதலில் அப்பாவின் புற்றுநோய் மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இதை உங்களுக்குத் தனியாகவும் எழுதி அனுப்பிவிட்டேன். இந்த ஊசி போட்டுக்கொள்பவருக்கு வரும் வயிற்றுப்போக்கு, சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் வந்ததாகவே இருக்கலாம். நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களான அவருடைய சொந்த டி செல்களே குடலின் உட்சுவரைத் தாக்குவதாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

நம் டி செல்களின் மேல் பிடி-1 என்ற புரதம் இருக்கிறது. 1992-ல் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழு இதைக் கண்டறிந்தது. டி செல்லை அடக்கிவைப்பது இதன் வேலை. புற்றுநோய் அந்த அடக்கத்தைப் பயன்படுத்தித் தப்பித்துக்கொள்கிறது. உங்கள் அப்பாவுக்குப் போடுவதைப் போன்ற ஊசிகள் பெரும்பாலும் இந்த அடக்கத்தைத்தான் விலக்குகின்றன. ஆனால் அந்த அடக்கம் உடலில் காரணமில்லாமல் இல்லை. பிடி-1 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு மூட்டழற்சியும் இதயத்தசை நோயும் வந்தன. ஆகவே குடல், தோல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல் எதுவும் பாதிக்கப்படலாம், சிலருக்கு ஊசியை நிறுத்திய பல மாதங்களுக்குப் பிறகும். மருத்துவர் ஸ்டீராய்டு எழுதினால் பயப்படாதீர்கள். பெரும்பாலானோருக்கு அதிலேயே அடங்கிவிடும். வாரக்கணக்கில் மெல்லக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

சீந்தில் வேண்டாம். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். நாளை அப்பாவின் கல்லீரல் பரிசோதனை மோசமாக வந்தால், காரணம் ஊசியா சூரணமா என்று தெரியாமல் அவருக்குப் பலன் தரும் சிகிச்சையையே நிறுத்த வேண்டி வரலாம். அந்த இழப்பு அவருக்கு நேரவே கூடாது.

'கூட்டினால் நல்லது' என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2006 மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் உலகம் பார்த்தது. டி செல்களைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற புதிய ஆன்டிபாடியை (குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் புரத மருந்து) ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்குச் செலுத்தினார்கள். விலங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஆயினும் சில மணி நேரத்தில் ஆறு பேரின் உறுப்புகளும் செயலிழக்கத் தொடங்கின. அனைவரும் பிழைத்தார்கள், ஒருவர் கால்விரல்களை இழந்தார். சோதனைக் குரங்குகளின் நினைவு டி செல்களில் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை), அந்த மருந்து பற்றிக்கொள்ளும் புரதம் மனிதர்களுக்கு இருப்பதுபோல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செலுத்தியதுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. இப்போது முதல் நபருக்குக் கொடுத்து, போதிய நேரம் கண்காணித்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். புதிய மருந்து ஏன் தாமதமாகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்று சொல்வேன்.

பாதுகாப்பான வழிகள் வருகின்றன. 2012-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரத்தப் புற்றுநோய்க்கு கார்-டி செல் சிகிச்சை (நோயாளியின் டி செல்களையே எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்துவது) பெற்ற ஆறு வயதுச் சிறுமி எமிலி வொயிட்ஹெட், எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிப் பொங்கும் இதேபோன்ற புயலில் சிக்கினாள். அவள் ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 என்ற பொருள் எகிறியிருப்பதைக் கண்டு, மூட்டழற்சிக்குத் தரும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இன்று கார்-டி சிகிச்சை தரும் இடங்களில் அந்த மருந்து தயாராக இருக்கும். புற்றுக்கட்டியை அடைந்த பிறகே விழித்தெழும்படி மூடிவைத்த ஆன்டிபாடிகளும் சோதனையில் இருக்கின்றன.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. அதைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது குறிப்பிட்ட சில ரத்தப் புற்றுநோய்களுக்கானது. நுரையீரல் புற்றுநோய்க்கு அல்ல. அதற்காக அப்பாவை மும்பைக்கு அலைக்கழிக்காதீர்கள்.