அமினோ அமிலப் பரிசோதனைக்கான குருதியை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நாமே கொண்டுபோகலாமா?

தங்கையின் ஆறு மாதக் குழந்தைக்கு பிளாஸ்மா அமினோ அமிலப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், குருதியை இங்கே எடுத்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் இரவுப் பஸ்ஸில் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக் குருதியாகக் கொண்டுபோகவே வேண்டாம். பிளாஸ்மாவை, அதாவது கலங்கள் நீங்கிய திரவப் பகுதியை, பிரித்து உறையவைத்தால் கொண்டுபோகலாம். யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூட வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் குருதி மாதிரி பெரும்பாலும் கெடுவது ஏ-9 வீதிப் பயணத்தில் அல்ல, குருதி எடுத்த முதல் ஒரு மணித்தியாலத்தில்.

குழாய்க்குள் வந்த பிறகும் குருதி மாறிக்கொண்டே இருக்கும். அமினோ அமிலங்களில் குளூட்டமின் குறைந்து குளூட்டமேட் கூடும். சிஸ்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அளக்கும்போது குறைவாகத் தெரியும். செங்குழியங்கள் உடைந்தாலோ, அவற்றிலுள்ள ஆர்ஜினேஸ் நொதியம் ஆர்ஜினினை ஓர்னிதினாக்கிவிடும். யூரியா வட்டக் கோளாறு (உடலில் சேரும் அமோனியாவை யூரியாவாக மாற்ற முடியாத பிறவி நோய்) இருக்கிறதா என்று தேடும் வைத்தியர் இப்படிப்பட்ட அளவுகளை நம்பித்தான் முடிவெடுக்கிறார். நமது வெயிலில் மேசையில் கிடந்த குருதி அவரைத் தவறான திசைக்கு அனுப்பிவிடும்.

ஆகவே குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் உள்ள பச்சை மூடிக் குழாயில் எடுத்து, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, உடனே ஐஸில் வைக்க வேண்டும். குழாய் ஐஸில் நேரடியாகப் படக் கூடாது, கலங்கள் உடையும். ஒரு துணியைச் சுற்றுங்கள். தாமதிக்காமல் மையநீக்கியில் சுற்றி, மேலுள்ள பிளாஸ்மாவை மட்டும் எடுக்க வேண்டும். நடுவிலிருக்கும் மெல்லிய வெள்ளைப் படையைத் தொட்டால் டோரின் என்ற அமினோ அமிலத்தின் அளவு பொய்யாகக் கூடும். பிறகு உறையவைத்து, உலர் பனிக்கட்டியில் (உறைந்த காபனீரொட்சைட்டில்) அனுப்பலாம். அந்தப் பெட்டியைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வாயு பெருகும்.

வெறும் வயிறு பற்றி இங்கே பலரும் தவறாக நினைக்கிறார்கள். சீனி வருத்தத்துக்குக் குருதி கொடுக்கும் அப்பம்மா போல இரவு முழுவதும் பட்டினி கிடக்க இது பெரியவர்களின் பரிசோதனை அல்ல. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து மூன்று நான்கு மணித்தியாலம் கழித்து, அடுத்த பாலுக்குச் சற்று முன் எடுத்தால் போதும். இப்படியான நோய் சந்தேகிக்கப்படும் பிள்ளையை நீண்ட நேரம் பட்டினி போடுவது ஆபத்து. பிள்ளை சோர்ந்து, வாந்தியெடுத்துக்கொண்டு இருந்தால் நேரம் காலம் பார்க்காமல் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே உடனே குருதி எடுப்பார்கள்.

படிவத்தில் கடைசியாகப் பால் கொடுத்த நேரம், என்ன பால், சேலைன் ஏறுகிறதா, என்னென்ன மருந்து எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேட் கிளைசினைக் கூட்டும். அது தெரியாமல் அறிக்கையை வாசிக்க முடியாது.

அனுப்பும் முன் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, எந்தக் குழாய், எவ்வளவு பிளாஸ்மா, எந்த நாளில் பொறுப்பேற்பார்கள் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமையும் போயா தினத்துக்கு முந்திய நாளும் அனுப்ப வேண்டாம்.