முத்துராஜவெல சேற்றில் டி.என்.ஏ. நிறைய வருகிறது, பிசிஆரில் (டி.என்.ஏ.யை நொதியால் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) பெருகியதைக் காட்டும் பட்டை ஜெல்லில் வருவதில்லை. மண்ணில் பற்றீரியாவே இல்லையா?

இருக்கிறது, தாராளமாக. உங்கள் கேள்வியைப் பார்த்தால் இறுதியாண்டு ஆய்வு, டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்டும் முடியும் தறுவாயில் என்று தெரிகிறது. பட்டை வரவில்லை என்று டி.என்.ஏ.யைக் கூட்டிப் போடாதீர்கள். அதோடு பிசிஆரைத் தடுக்கும் பொருளும் சேர்ந்தே கூடும்.

குழாயை வெளிச்சத்தில் பிடியுங்கள். தேத்தண்ணி நிறம் தெரிந்தால் அது ஹியூமிக் அமிலம், தாவரம் மக்கும்போது உண்டாகும் பழுப்புப் பொருள். முத்துராஜவெல, கொழும்புக்கு வடக்கே மக்கிய தாவரம் படிந்த சதுப்பு. அங்கே அது நிறைய இருக்கும். பிசிஆர் நொதியைத் தடுப்பதோடு, ஒளி உறிஞ்சலை வைத்து டி.என்.ஏ.யை அளக்கும் நானோட்ரொப் கருவியையும் ஏமாற்றும்: 260 நானோமீற்றரில் அதுவும் ஒளியை உறிஞ்சுவதால் டி.என்.ஏ. அதிகம்போல் காட்டும். 260, 230 நானோமீற்றர் உறிஞ்சல்களின் விகிதம் (260/230) 1க்குக் கீழே என்றால், டி.என்.ஏ.யோடு ஒட்டும் ஒளிரும் சாயத்தால் அளக்கும் கியூபிட்டில் அளவிடுங்கள்.

பிறகு அதே டி.என்.ஏ.யை அப்படியே ஒன்று, 10 மடங்கு ஐதாக்கி ஒன்று, 50 மடங்கு ஐதாக்கி ஒன்று என ஓட்டுங்கள். 25 மைக்ரோலீற்றர் கலவைக்கு, மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் செறிவுள்ள பி.எஸ்.ஏ. (தடைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) அரை மைக்ரோலீற்றர் போதும். நான்காவது குழாயில் ஐதாக்காத மாதிரியோடு சுத்தமான ஈ.கோலை டி.என்.ஏ. கொஞ்சம் சேருங்கள். ஈ.கோலை டி.என்.ஏ. மட்டும் போட்ட குழாயில் பட்டை வந்து இதில் வராவிட்டால் தடை உறுதி. இதிலும் வந்தால் உங்கள் டி.என்.ஏ. போதவில்லை, அல்லது சிதைந்துவிட்டது.

சுத்திகரிப்பு நிரல் (column) வழியாக இன்னொரு முறை சுத்திகரித்தால் டி.என்.ஏ. குறையும் என்று சிலர் மறுப்பார்கள். குறையும்தான். ஆனால் நிறமில்லாத கொஞ்சம், பழுப்பான நிறையவைவிட வேலை செய்யும்.

கிட் 0.25 கிராம் மண் கேட்கும். சதுப்புச் சேற்றில் பாதிக்குமேல் தண்ணீராக இருக்கலாம். முதலில் சுழற்றி மேல்நீரை ஊற்றுங்கள். உலர் எடையை 105 பாகையில் தனியாக எடுங்கள். மேல் 2 செ.மீ. மண்ணையும் கீழ் மண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒட்சிசன் மேலேயே தீர்ந்துவிடும். கீழே வேறு பற்றீரியாக் கூட்டம். வேரைப் பொறுக்கி எடுக்காவிட்டால் 16எஸ் (பற்றீரியாக்களை இனங்காண வாசிக்கும் மரபணு) முடிவில் தாவரத்தின் பச்சையவுருமணி வரிசைகள் நிரம்பும். வெளியிலிருந்து டி.என்.ஏ. கலந்ததா என்று பார்க்க, மண் போடாத வெற்றுக் குழாய் ஒன்றை முதல் படியிலிருந்தே கொண்டுபோங்கள்.

16எஸ் பெயர்களை மட்டும் வைத்து 'சல்பேற்று ஒடுக்கம் நடக்கிறது' என்று எழுதாதீர்கள். அதற்கு டி.எஸ்.ஆர்.பி (dsrB) மரபணுவையும், மெதேன் உருவாக்கத்துக்கு எம்.சி.ஆர்.ஏ. (mcrA) மரபணுவையும் பாருங்கள். அவையும் செய்யக்கூடிய ஆற்றலைத்தான் காட்டும். வீதத்தைத் தனியே அளக்க வேண்டும்.

கேட்காததையும் சொல்கிறேன்: 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமானது. அதற்குப் பிறகும் சதுப்பு என்றால் மண் போட்டு நிரப்பும் காணி என்று படித்தவர்களே பேசுவது மனதை வருத்துகிறது. உங்கள் மாதிரி எடுத்த இடத்தின் உவர்த்தன்மை, ஆழம், திகதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நிரப்பிய பிறகு அந்த மண் திரும்பக் கிடைக்காது.