ஏழு நாள் ஏரிப் பயணத்துக்கு ஒரு படகை வாங்கலாமா?

கேள்வி: மலை ஏரி ஒன்றில் ஏழு நாள் சின்னப் படகில் சுற்றி, ராத்திரியில் கரையோரம் கூடாரம் போட்டுத் தங்க நானும் நண்பரும் திட்டமிட்டிருக்கிறோம். ஏரி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 15 குதிரைசக்தி இன்ஜினுடன் 16 அடிப் பழைய படகு ஒன்று, டிரெய்லரோடு விலைக்கு வருகிறது. அவசரத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பை உடைக்கலாமா, இல்லை 12 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடன் வாங்கலாமா? வாடகைப் பணம் போனால் போனதுதான், படகு என்றால் சொத்தாவது மிஞ்சும் என்கிறார் நண்பர். பாதிப் பணம் அவர் போடுகிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். இந்த வருடம் வாடகைக்கு எடுங்கள்.

சொத்து மிஞ்சும் என்ற பேச்சை முதலில் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய தொகைகளில் படகு விலையை 100 என்று வைத்தால் ஒரு நாள் வாடகை 2 வருகிறது. ஏழு நாளுக்கு 14. சொந்தப் படகுக்கு நிறுத்துமிடம், சர்வீஸ், காப்பீடு, டிரெய்லர் டயர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு போகும் என்பது படகுக்காரர்கள் பொதுவாகப் போடும் கணக்கு. ஐந்து வருடத்தில் 100-உடன் இன்னொரு 50. அப்புறம் 60-க்கு விற்றாலும் கையை விட்டுப் போனது 90, அதாவது வருடத்துக்கு 18. ஒன்பது நாளாவது தண்ணீரில் இருந்தால்தான் வாடகைக்குச் சமம். கடன் எடுத்தால் மூன்று வருட வட்டியே கிட்டத்தட்ட 20 வரும், அப்போது பதினோரு நாள் தேவை. உங்கள் கடிதத்தில் இருப்பது ஏழே நாள், அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு.

சேமிப்பை ஏன் தொடக்கூடாது என்றால், பழைய படகு வாங்கிய முதல் வருடத்தில்தான் அவசரங்களே வரும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கூட்டாக ஒரு படகு வாங்கி முதல் தடவை மலை ஏறும்போது, பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தி, சும்மா டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன், சுட்டது. மூடியைக் கழற்றினால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பி நிறத்தில் தண்ணீர் கலந்த குழம்பு. சக்கரம் சூடாக இருக்கும்போதே டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பேரிங் போய்விடும். சின்ன உருப்படிதான், ஆனால் நடுவழியில் அதை மாற்ற ஆன செலவில் இரண்டு நாள் வாடகைப் படகே எடுத்திருக்கலாம்.

அடுத்து இன்ஜின். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். உங்கள் ஏரியில் 15 என்பது 12 ஆகிவிடும். (3,812 மீட்டரில் இருக்கும் டிட்டிகாகா ஏரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும்.) இரண்டு பேர், கூடாரம், பெட்ரோல் கேன் எல்லாம் ஏற்றினால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும், மேலே எழும்பி ஓடாது, பெட்ரோலை மட்டும் குடிக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பெரிய இன்ஜின் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் ஒன்றை மாற்றினாலே பெரும்பாலும் போதும். அதைவிட மலிவான வழி, மெதுவாகப் போவது. 16 அடிப் படகு மணிக்கு 9 கிலோமீட்டரில் நிதானமாகப் போனால் மணிக்கு இரண்டு லிட்டர்கூட ஆகாது, முழுக்கத் திருகினால் ஐந்தைத் தாண்டும். கணக்குப் போட்ட பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்று வையுங்கள்.

ஏழு நாள் பயணத்துக்கு ஒன்பது நாள் பட்ஜெட் போடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பகலில் மலைச்சரிவு சூடாகிக் காற்று மேலேறும்போது பள்ளத்தாக்கு வழியாகக் காற்று வீசத் தொடங்கும், காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த ஏரி மத்தியானத்தில் அலை அடிக்கும். அதனால் ஓட்டம் காலை நேரத்தில் மட்டும்தான், ஓரிரு நாள் அதுவும் இருக்காது. வாடகைப் படகைத் தாமதமாகத் திருப்பினால் அபராதம் உண்டு என்பதால் பலர் கடைசி நாள் அலையிலேயே கிளம்பி மாட்டிக்கொள்கிறார்கள். கூடுதல் நாள் வாடகையை முன்பே கட்டிவிட்டால் அந்த நெருக்கடியே இல்லை. பனி உருகி வரும் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால், விழுந்த முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும். நல்ல லைஃப் ஜாக்கெட்டை விலை பார்க்காமல் வாங்கி, வாங்கியதைப் போட்டுக்கொண்டே இருங்கள். மீன் தேடும் கருவியெல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஏரியின் விதிகளைப் படியுங்கள். ஜெர்மனியின் கோனிக்ஸே ஏரியில் 1909-லிருந்து மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன. அமெரிக்காவின் தாஹோ ஏரியில், வேறு நீர்நிலையிலிருந்து அந்நியச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று மோட்டார் படகுகளைச் சோதித்துத்தான் இறக்க விடுகிறார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் பழைய படகு எந்த ஏரியில் ஓடியது என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. காப்பீட்டில் இரண்டு விஷயம் கேளுங்கள்: மூழ்கிய படகை வெளியே எடுக்கும் செலவு சேருமா, பெட்ரோல் சிந்தியதைச் சுத்தம் செய்யும் செலவு சேருமா. படகு விலையைவிட அந்தச் செலவு பெரிதாகிவிடலாம்.

நண்பர் பாதிப் பணம் போடுகிறார் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருடம் வாங்குவதாகவே இருந்தாலும், ஒருவர் விலக நினைத்தால் மற்றவர் என்ன விலைக்கு வாங்கிக்கொள்வது, உடைத்தவர் யார் என்று தெரியாத சேதத்துக்கு யார் கட்டுவது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு படகைப் போய்ப் பாருங்கள். போகும்போது டிரெய்லர் சக்கரத்தின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.