ஸ்மார்ட் போர்டு காத்திருக்கட்டும்

கேள்வி: பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். சுமார் 6,000 புத்தகங்கள், ஒரு பழைய கணினி, அடிக்கடி போய்விடும் இணையம். இப்போது நவீன வசதிகளுக்கென்று கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. நிர்வாகம் ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறது. எதில் தொடங்கலாம்?

பதில்: ஸ்மார்ட் போர்டு வகுப்பறைச் சாமான். ஒருவர் முன்னால் நிற்க, மற்றவர்கள் பார்க்க வேண்டும். நூலகத்திலோ ஒருத்தி கதைப் புத்தகம் தேடுவாள், ஒருவன் கட்டுரைக்குக் குறிப்பெடுப்பான், இருவர் மூலையில் கிசுகிசுப்பார்கள். அங்கே அந்தப் பலகை பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

முதல் செலவு நூற்பட்டியலுக்கு. இருக்கும் 6,000 புத்தகத்தில் வேண்டியது எங்கே என்று தெரியாதபோது, புதிதாக எதை வாங்கி என்ன? அதற்கான கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம். பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் தேதிகளைத் தாங்காது என்று தெரிந்ததும் நியூசிலாந்து நூலகம் ஒன்று எழுதவைத்தது இது. மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும், ஆகவே நிறுவித்தர விஷயம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். கூடவே ஒரு பார்கோடு ஸ்கேனர். கணினிக்கு அது இன்னொரு விசைப்பலகை மாதிரிதான், செருகினால் போதும். பின்னட்டையில் 978 என்று தொடங்கும் எண்ணை ஸ்கேன் செய்தால், பல ஆங்கிலப் புத்தகங்களின் விவரம் பிற நூலகங்களின் பட்டியலிலிருந்து தானாக வந்துவிடும். தமிழ்ப் புத்தகங்களில் பாதியையாவது கையால்தான் தட்ட வேண்டியிருக்கும். 6,000 புத்தகத்தையும் பதிய, நாளுக்கு 100 என்று வைத்தாலும் 60 வேலை நாள். அதற்கு ஆள் ஒதுக்கச் சொல்லி இப்போதே கேட்டுவிடுங்கள்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. தட்டச்சு யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளும் தமிழென்றே புரிந்துகொள்ளும் குறிமுறையில், இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள்தான். மாணவி ‘பறவை’ என்று தேடினால் ஒன்றும் வராது. ஆயிரம் தலைப்பு அடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

அப்புறம் இணையம். அது போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் விக்கிப்பீடியா முழுவதையும் இணையமின்றிப் படிக்க வைக்கும். படங்களோடு ஆங்கில விக்கிப்பீடியா 100 ஜிபியைத் தாண்டும். தமிழுக்கு அதில் சிறு பங்கு போதும். உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கணினியில் 256 ஜிபி மெமரி கார்டைப் போட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால், அறையில் உள்ள கணினிகளும் டேப்லெட்டுகளும் அதிலிருந்தே படிக்கலாம். ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் இணைந்தால் சாதாரண வீட்டு ரவுட்டர் திணறும். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது: ஒலிப்பதிவு மூலை. தனி அறை கட்ட வேண்டியதில்லை. புத்தகம் நிறைந்த இரண்டு அலமாரிகளுக்கு நடுவே எதிரொலி குறைவு. அங்கே ஒரு மேசை, ஒரு யூஎஸ்பி மைக், கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள். பிள்ளைகள் பேட்டி எடுப்பார்கள், தம்பி தங்கைகளுக்காகக் கதை வாசித்துப் பதிவார்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விண்டோஸ் கணினி ஒன்றிலாவது திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானைப் போட்டுவையுங்கள். அதுவும் இலவசம். கூடவே வரும் குரல் தமிழையும் வாசிக்கும், கொஞ்சம் இயந்திரத்தனமாக.

ஹெட்ஃபோன் கம்பியுள்ளதாகவே வாங்குங்கள். புளூடூத் என்றால் சார்ஜ் போடுவதும் எது எந்தக் கணினியோடு இணைந்திருக்கிறது என்று தேடுவதுமே உங்கள் முழுநேர வேலையாகிவிடும்.